பி.எல். 480 முதல் எச்-1பி வரை: திலக் நகரிலிருந்து பார்த்த அமெரிக்கா

சட்டப் பிரிவின் எண் பேச்சுத்தமிழில் பெயர்ச்சொல்லாகிவிடுவது புதிதன்று. ஒருவரை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்றால் அவர் ஏமாற்றுக்காரர். ‘144 போட்டிருக்கிறார்கள்’ என்றால் கூட்டம் கூடக்கூடாது என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கும். 2024 ஜூலை 1 முதல் அந்த எண்களுக்குரிய பழைய சட்டங்கள் நீங்கிப் புதியவை வந்துவிட்டன. ஆயினும் பேச்சில் 420 இடம்விட்டு அசையவில்லை. ஒரு சட்டம் யார்மீது வந்து விழுகிறதோ அவர்களே அதன் எண்ணை நினைவில் வைத்திருப்பர். இயற்றியவர்களுக்கு அதன் தலைப்பும் நோக்கமும் நினைவிலிருக்கும். உட்பட்டவர்களுக்கு எண் போதும்.

இவ்வழக்கத்தின் விந்தையான நீட்சி ஒன்று உண்டு. எந்த இந்தியருக்கும் வாக்குரிமை இல்லாத அமெரிக்க நாட்டின் சட்ட எண்களும் இங்கே வீட்டுச்சொற்களாயின. பி.எல். 480, சூப்பர் 301, ஒன் டூ த்ரீ ஒப்பந்தம், எச்-1பி ஆகிய நான்கும் அமெரிக்கச் சட்டநூலிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பத்தாண்டில் இந்திய நகரங்களின் ரேஷன் வரிசையிலும் அலுவலகக் கான்டீனிலும் புறநகர் ரயிலிலும் வாதப்பொருளாயிற்று. ஒஹாயோ மாநிலத்தின் சராசரி வாக்காளரிடம் இந்நான்கையும் சொன்னால் எத்தனை விளங்கும் என்பது ஐயமே.

சாமானியர் அயல்நாட்டு அரசியல் பேசுவதை வெட்டிப்பேச்சாகக் கருதும் வழக்கம் கல்விப்புலத்திலும் உண்டு. அயலுறவு வரலாறு எழுதுவோர் தில்லி, வாஷிங்டன் கோப்புகளைப் படிக்கின்றனர். உள்ளூர் வரலாறு எழுதுவோர் சாதி, மொழி, குடியேற்றம், தொழிற்சங்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். தமக்கு ஓட்டில்லாத ஓர் அரசின் முடிவுகளைப் பற்றி அன்றாடம் வாதிட்ட குடிமக்கள் இவ்விரு வரலாறுகளின் இடுக்கில் விழுந்து காணாமற்போகின்றனர். அவர்களை மீண்டும் பார்வைக்குக் கொண்டுவர மும்பையின் திலக் நகரும் அதைச் சூழ்ந்த செம்பூர் வட்டாரமும் ஏற்ற இடம். அதற்குக் காரணம் அங்குள்ளவர்களின் அறிவாற்றல் என்பதைவிட அந்த இடத்தின் நிலவியல் என்பதே பொருந்தும்.

ஹார்பர் ரயில் தடத்தில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடைப்பட்ட நிலையம் திலக் நகர். வீட்டுவசதி வாரியக் கட்டடங்களால் உருவான குடியிருப்பு. ஒருபுறம் சேடா நகர் முருகன் கோயில்; மறுபுறம் தமிழகத்துக்கு ரயில்கள் புறப்படும் லோகமான்ய திலக் முனையம். தென்கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் மாகுலும் டிராம்பேயும். அங்கே 1954இல் ஸ்டான்வாக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் பக்கத்திலேயே பர்மா ஷெல் ஆலை. 1960களின் நடுவில் அரசு உர ஆலை வந்தது. அதன் கட்டுமானத்தில் அமெரிக்கக் கடனுதவி இருந்தது. இவற்றுக்கு அப்பால் அணு ஆராய்ச்சி மையம். எண்ணெய், உரம், அணு ஆகிய மூன்றிலும் அமெரிக்கக் கொள்கை இவ்வட்டாரத்தில் குழாயாகவும் கோபுரமாகவும் கண்முன் நின்றது. நான்காவதான உணவு ரேஷன் கடை வழியாக அடுக்களைக்கே வந்தது. மாட்டுங்காவில் இடம் போதாமல் கிழக்கே நகர்ந்த குமாஸ்தாக் குடும்பங்களும், ஆலை வேலைக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து வளர்த்த செம்பூர்த் தமிழ் வாழ்வு இந்தச் சூழலில்தான் அமைந்தது.

1960ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் இது துலங்கும். மே 1 அன்று பம்பாய் மாகாணம் பிரிந்து மகாராஷ்டிரம் பிறந்தது. மூன்று நாள் கழித்து, மே 4 அன்று, வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ஐசனோவரும் இந்திய உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீலும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்: நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் இந்தியாவுக்கு வரும். பாட்டீல் பம்பாய்க் காங்கிரசின் தனிப்பெருந் தலைவர். நகரின் முடிசூடா மன்னர் என்று பெயரெடுத்தவர். ஜூலை 10 அன்று டிராம்பேயில் கனடா அளித்த சைரஸ் அணு உலை இயக்கநிலை எய்தியது. அதற்கான கனநீர் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் அந்நாட்டைக் குறிப்பவை என்று பரவலாக விளக்கம் சொல்லப்படுவதுண்டு.

அதே ஆண்டின் நடுவில்தான் எண்ணெய்ச் சச்சரவும் எழுந்தது. சோவியத் ஒன்றியம் குறைந்த விலையில், ரூபாய்க்கே, கச்சா எண்ணெய் தர முன்வந்தது. எண்ணெய்த் துறையைக் கவனித்த கே.டி. மாளவியா அதைச் சுத்திகரித்துத் தருமாறு டிராம்பேயின் இரு நிறுவனங்களையும் விசாகப்பட்டினத்தின் கால்டெக்ஸையும் கேட்டார். தம் ஒப்பந்தங்களைக் காட்டி அவை மறுத்துவிட்டன. ஆலை இந்திய மண்ணில் நின்றது. அதில் எந்த நாட்டு எண்ணெய் ஓட வேண்டும் என்பதை இந்திய அரசால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் மறுப்போடு கதை முடியவில்லை. சோவியத் விலையைக் காட்டியே இந்தியா பேரம் பேச, அந்நிறுவனங்கள் தம் கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி தர நேர்ந்தது. அரசு நிறுவனம் சோவியத் மண்ணெண்ணெயையும் டீசலையும் நேரடியாக இறக்குமதி செய்யத் தொடங்கியது. ஸ்டவ் அடுப்பில் சமைத்த குடும்பங்களுக்கு இது அயலுறவுக் கொள்கையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் விலையாகத் தோன்றியிருந்தாலே போதும்.

கோதுமையின் கதை இதைவிடச் சிக்கலானது. பேச்சிலும் அதிகமாகப் புழங்கியது. 83ஆவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் 480ஆவது பொதுச்சட்டம் 1954 ஜூலை 10 அன்று கையெழுத்தானது. அமெரிக்க உழவர்களிடம் தேங்கிக் கிடந்த உபரித் தானியத்துக்குச் சந்தை தேடுவது அதன் முதல் நோக்கம். உலகின் பசி தீர்ப்பது அடுத்தது. கென்னடி காலத்தில் அதற்கு ‘அமைதிக்கான உணவு’ என்று பெயர் சூட்டினர். இந்தியாவில் அப்பெயர் ஒட்டவில்லை. பி.எல். 480 என்ற எண்ணே நிலைத்தது.

சட்டத்தின் முதல் தலைப்பின்கீழ் வந்த கோதுமை அன்பளிப்பன்று, விற்பனை. விலையை டாலருக்குப் பதிலாக ரூபாயில் செலுத்தலாம் என்பதே சலுகை. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேர்ந்தது. ஒரு பகுதியைத் தூதரகச் செலவுக்கு எடுத்துக்கொண்டனர்; ஒரு பகுதி தனியார் தொழில்களுக்குக் கடனாயிற்று; பெரும்பகுதி இந்திய அரசுக்கே வளர்ச்சித் திட்டங்களுக்காகக் கடனாகவும் மானியமாகவும் திரும்பியது. ஏழைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே இலவசமாக வந்த பொருள்கள் அதே சட்டத்தின் வேறு தலைப்புகளின்கீழ் வந்தன. காமராசர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 1961 முதல் கேர் நிறுவனம் வழங்கிய பால் பவுடரும் மக்காச்சோள மாவும் சேர்ந்தன. இரு கைகள் குலுக்கும் சின்னமும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகமும் பொறித்த மூட்டைகளையும் டின்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு.

விற்பனையும் தானமும் ஒரே எண்ணின்கீழ், ஒரே கப்பல் துறை வழியாக வந்ததால் இதை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே அரசியலாயிற்று. அரசு ‘உதவி’ என்றது. கணக்குத் தெரிந்தவர்கள் ‘கடன்’ என்றனர். அமைச்சர்கள் வெளிநாடு செல்லும்போதெல்லாம் ‘பிச்சைப் பாத்திரம்’ என்ற உருவகம் எதிர்க்கட்சி மேடைகளில் ஒலித்தது. ‘விற்பனை’ என்ற சொல்லே சட்டப்படி சரியானது. அதைத்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்தினர். பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே பிச்சை வாங்குவதாக ஒரு சமூகம் தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டது வரலாற்றில் கவனிக்கத்தக்கது. ரேஷன் கடையில் பை நிறைய எடுத்துக்கொண்டு பணம் எண்ணிக் கொடுத்தவருக்கும் அந்த நாணம் இருந்தது.

அரிசி உண்போருக்குக் கோதுமை ஏற்கெனவே ஒரு சமரசம். மைலோ என்னும் அமெரிக்கச் செஞ்சோளம் வந்தபோது சமரசமும் கசந்தது. தமிழகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஒருசேர நினைவில் நிற்கும் சொல் அது. மராட்டியக் கிராமங்களில் 1972 பஞ்சத்தின் நினைவோடு ‘மிலோ’ இன்றும் பிணைந்திருக்கிறது. அந்தக் காலத்திலிருந்தே வந்த இன்னொரு பெயர் ‘காங்கிரஸ் புல்’. புணே அருகே 1950களின் நடுவில் கண்டறியப்பட்ட பார்த்தீனியக் களையை, அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்ததாகக் கருதி, அப்போது ஆண்ட கட்சியின் பெயரால் மராட்டியர் அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டிலேயே அச்செடி இந்தியாவில் இருந்ததைக் காட்டும் தாவரவியல் பதிவுகளை ஆய்வாளர் சுட்டுவர். ஆகவே மக்கள் சொன்ன தோற்றக்கதை முழுமையான உண்மையாக இராது. ஆனால் ஒரு களைக்குப் பெயரிடும்போதே அயலார் சட்டத்தையும் உள்ளூர் ஆட்சியையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டிய அந்தப் பெயர் ஒரு தேர்ந்த தலையங்கத்துக்கு நிகர்.

1965இல் நிலைமை முற்றியது. பாகிஸ்தானுடனான போரின்போது அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தவணைக் கப்பலையும் தாமே பார்த்து அனுமதிக்கும் முறைக்கு மாறினார். இந்தியா தன் வேளாண் கொள்கையைத் திருத்த வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். வியட்நாம் போர் குறித்து இந்தியா பேசியதும் அவருக்கு எரிச்சலூட்டியது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலர் ஃப்ரீமனுடன் உடன்பாடு கண்டார். 1966இல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்நாளைய வாழ்க்கையை வருணித்தனர். கப்பல் நங்கூரமிட்ட துறைமுக நகரமான பம்பாயில் அது உருவகமாகக்கூடத் தோன்றியிராது.

அந்த ஆண்டு ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவும் உலக வங்கியும் நெருக்கியதே காரணம் என்பது நாடெங்கும் பேச்சு. அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, ஜூன் 19 அன்று, பம்பாயில் சிவசேனை தொடங்கப்பட்டது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர். ஆகவே செம்பூரின் தமிழ்க் குமாஸ்தாவுக்கு அம்மாதத்தில் இரு கவலைகள்: வாஷிங்டன் தன் சம்பளத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது, தாதரில் ஒரு கூட்டம் தன் வேலையைக் கேட்கிறது. இவற்றைத் தனித்தனி வரலாறுகளாக எழுதுவது ஆய்வாளருக்கு எளிது. வாழ்ந்தவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இரண்டும் ஒரே வாக்குச்சீட்டில் வந்து சேர்ந்தது 1967 பொதுத்தேர்தலில். வி.கே. கிருஷ்ண மேனன் அமெரிக்கப் பத்திரிகைகளின் கண்ணில் இந்திய எதிர்ப்புணர்வின் உருவம். 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் காஷ்மீர் பற்றி எட்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட உரையாற்றி மயங்கி விழுந்தவர். அவ்வாண்டே வடக்கு பம்பாய் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1962இல் அதே தொகுதியில் அவரை ஜே.பி. கிருபளானி எதிர்த்தபோது போட்டி உலகச் செய்தியாயிற்று. ஓர் இந்தியப் புறநகர்த் தொகுதியின் முடிவுக்காக அமெரிக்கச் செய்தியாளர் காத்திருந்த அரிய தருணம் அது. கிருபளானியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வாக்குகள் பெற்று மேனன் வென்றார். அவ்வாண்டு இறுதியில் சீனப் போரின் தோல்வி அவர் பதவியைப் பறித்தது.

1967இல் அவருக்குக் காங்கிரஸ் வாய்ப்பு மறுத்தது. பம்பாய்க் காங்கிரசை ஆட்டுவித்த பாட்டீல், பி.எல். 480 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே பாட்டீல், மேனனை விரும்பாதவர். மேனன் கட்சியைவிட்டு விலகி, கிழக்குப் புறநகர்களை உள்ளடக்கிய வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்றார். எதிரே ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஜி. பார்வே. சிவசேனை மேனனை வெளியூரான் என்று சொல்லி எதிர்த்துப் பிரசாரம் செய்தது. மேனன் மலையாளி, ஆனால் ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தமிழரும் மலையாளியும் கன்னடரும் தெலுங்கரும் வேற்றுமையின்றி அடைக்கப்பட்டிருந்தனர். செம்பூர்த் தமிழ் வாக்காளருக்கு முன் இருந்த கேள்வி விசித்திரமானது. அமெரிக்காவை எதிர்ப்பவருக்கு ஓட்டா, வேண்டாமா என்பது ஒரு பாதி. தன்னைப் போன்றவர் இந்நகரில் தேர்தலில் நிற்கலாமா என்பது மறுபாதி. இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் குத்த முடியும்.

மேனன் தோற்றார். சில வாரங்களில் பார்வே இறந்துவிட, இடைத்தேர்தலில் பார்வேயின் சகோதரி தாரா சாப்ரேயிடமும் தோற்றார். ஆனால் அதே பொதுத்தேர்தலில் தெற்கு பம்பாயில் பாட்டீலும் ஜார்ஜ் பெர்னாண்டசிடம் வீழ்ந்தார். தமிழகத்தில் கோபிசெட்டிபாளையத்தில் சி. சுப்பிரமணியம் தோற்றார். அங்கே தி.மு.க.வின் வாக்குறுதி அரிசியைப் பற்றியது: ரூபாய்க்கு மூன்று படி. அமெரிக்காவோடு தானிய ஒப்பந்தம் செய்த இரு அமைச்சர்களும், அமெரிக்காவை வெளிப்படையாக எதிர்த்தவரும் ஒரே தேர்தலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இந்தித் திணிப்பு, விலைவாசி, உட்கட்சிப் பூசல் என்று ஒவ்வொரு தோல்விக்கும் தனிக்காரணங்கள் உண்டு. இதை அமெரிக்கக் கொள்கை மீதான கருத்துக்கணிப்பாகக் கொள்வது பிழை. ஆனால் அயலுறவு மேல்தட்டு விவகாரம், சாமானிய வாக்காளரைத் தீண்டாதது என்ற பாடநூல் வாய்பாடு அந்த ஆண்டின் பம்பாய்க்குப் பொருந்தாது.

பி.எல். 480 கணக்கு 1974 பிப்ரவரி 18 அன்று முடிக்கப்பட்டது. அமெரிக்கத் தூதர் மொய்னிகன் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் அளித்தார். அதுவரை உலகில் எழுதப்பட்ட மிகப் பெரிய காசோலையென்று அது கின்னஸ் நூலில் இடம்பெற்றது. மாகுலின் அமெரிக்க ஆலையை இந்திய அரசு ஏற்றதும் அதே ஆண்டில்தான். எஸ்ஸோ என்று பெயர் மாறியிருந்த அது இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. மே மாதத்தில் பொக்ரானில் வெடித்த சாதனத்துக்கான புளூட்டோனியம் டிராம்பேயின் சைரஸில் விளைந்தது. ஓர் ஆண்டுக்குள் கோதுமை, எண்ணெய், அணு மூன்றிலும் கணக்கு மாறிற்று.

இடையே ஒரு செய்தி; தமிழாய்வு மாணவர் பலர் அறியாதது. அந்தக் கோதுமை ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் தில்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் அவற்றில் அடக்கம். இங்கே பழைய காகிதக் கடைக்குப் போய்விட்ட 1960களின் நாவலும் சிறுபத்திரிகையும் சிகாகோ நூலகத்தில் கிடைப்பதைக் கண்டு வியக்கும் ஆய்வாளர், அந்தப் பிரதிக்கான விலை எந்த ரேஷன் கடை வழியாகச் சென்றது என்பதையும் எண்ணலாம்.

சூப்பர் 301 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1988 வணிகச் சட்டத்தின்படி 1989 மே மாதம் அமெரிக்கா ஜப்பான், பிரேசில் ஆகியவற்றோடு இந்தியாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இந்தியா மீதான குற்றச்சாட்டுகள் இரண்டு: அந்நிய முதலீட்டுக் கட்டுப்பாடு, காப்பீட்டுத் துறையை அரசே வைத்திருப்பது. எல்.ஐ.சி.யின் தலைமையகம் பம்பாயில். அங்கே பணியாற்றிய தென்னிந்தியர் திரளில் செம்பூர்வாசிகளும் உண்டு. அமெரிக்கச் சட்டமொன்று தம் அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே வருவதை அவர்கள் கண்டனர். காப்பீட்டு ஊழியர் சங்கத்தின் வாயிற்கூட்டங்களில் முந்நூற்றொன்று முழக்கமாயிற்று. இந்தியா பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. 1990இல் அமெரிக்கா பதிலடி தராமல் விட்டது. பத்தாண்டுக்குள் காப்பீடு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை அரைகுறை.

ஒன் டூ த்ரீயின் விவாதம் வேறு தளத்தது. 1954 அமெரிக்க அணுசக்திச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அது. 2005 ஜூலை 18 கூட்டறிக்கையில் தொடங்கி, 2008 ஜூலை 22 அன்று மக்களவையில் 275-256 என்ற நம்பிக்கை வாக்கெடுப்பைக் கடந்து, அக்டோபரில் ஒப்பந்தமாயிற்று. அம்மூன்றாண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஹைடு சட்டத்தை வரிவரியாகப் படித்து எதிர்வாதம் எழுதியவர்களில் டிராம்பேயின் ஓய்வுபெற்ற அறிவியலாளர் முன்னணியில் நின்றனர். பி.கே. அய்யங்கார், ஏ.என். பிரசாத் போன்றோர் ஒரு காலத்தில் அரசுக்கு அறிவுரை சொன்னவர்கள். இப்போது குடிமக்களாக வாதிட்டனர். சிவில், இராணுவ அணு நிலையங்களைப் பிரிக்கும் திட்டத்தின்படி 2010 டிசம்பர் 31 அன்று சைரஸ் நிரந்தரமாக மூடப்பட்டது. வாஷிங்டனில் ஒரு பிரிவைத் திருத்தினால் ஹார்பர் தடத்தின் கிழக்கே ஓர் உலை அணைகிறது. இவ்வளவு நேரான காரண காரியத் தொடர் வரலாற்றில் எளிதில் அகப்படாது.

இதுவரை சொன்னது மேலிருந்து வந்து விழுந்த அமெரிக்கா. தாராவியில் பேசப்பட்ட அமெரிக்கா வேறாகவும் இருந்திருக்கிறது. அதற்குப் பிரிவு எண் கிடையாது. ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை நீக்ரோ அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குச் சென்றார். 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு, ஐ.நா.வுக்கு அளிக்கவிருந்த மனுவின் படி கேட்டு எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் பெயரையே அங்கிருந்து எடுத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவந்த ஆதிதிராவிடர் குடியிருப்புகள் இக்குரல்களுக்குக் கேட்கும் தொலைவில் இருந்தன. இந்த மரபில் அமெரிக்கா தன்மீது விழும் சட்டமாகத் தோன்றவில்லை; தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக இருந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது ஓட்டம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அத்தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் மும்பையில் வளர்ந்த, தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மும்பையின் சாதி அனுபவம் அமெரிக்க நகரச் சட்டத்தில் ஏறியது. இதைப் பற்றிச் செம்பூரின் அக்ரகாரச் சாயல் கொண்ட வீடுகளிலும் தாராவியிலும் ஒரே கருத்து நிலவும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எச்-1பியில் வர்க்க எல்லை இன்னும் கூர்மை. 1990 குடியேற்றச் சட்டம் ஆண்டுக்கு 65,000 என்ற வரம்போடு இன்றைய வடிவத்தை அதற்குத் தந்தது. மென்பொருள் துறையின் எழுச்சியோடு அது தமிழ் நடுத்தரக் குடும்பங்களின் ஜாதகக் குறிப்பில் ஏறக்குறைய ஒரு கட்டமாயிற்று. மணமகன் தேடும் விளம்பரங்களில் அது விளக்கமின்றி அச்சாகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, அது ஆண்டுதோறுமா, ஒரே முறையா என்ற குழப்பம் வெள்ளை மாளிகை விளக்கம் தரும்வரை நீடித்தது. ஊருக்கு வந்திருந்தவர்கள் அவசரமாக விமானச்சீட்டுத் தேடினர். பி.எல். 480 ரேஷன் அட்டை வைத்திருந்த அனைவரையும் தொட்டது. கூலித்தொழிலாளியும் கணக்கரும் ஒரே வரிசையில் நின்று அதைப் பற்றிப் பேசலாம். எச்-1பி பொறியாளர் உள்ள வீட்டைத் தொடுகிறது. மற்ற வீட்டுக்கு அது அடுத்தவர் கவலை. அமெரிக்காவைப் பற்றிய பேச்சு கடந்த அரை நூற்றாண்டில் பெருகியிருக்கிறது என்பது சரி. அதைப் பேசுவோரின் சமூக வட்டம் குறுகியிருக்கிறது என்பதும் சரி. துளசேந்திரபுரத்துக் கோயிலில் கமலா ஹாரிசுக்காக 2020இலும் 2024இலும் நடந்த வேண்டுதல்களை ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. உறவுமுறை கொண்டாடும் அந்த ஆர்வம் இனிமையானது. ஆனால் தமிழரின் அமெரிக்க விவாதத்தில் மிக மேலோட்டமான பகுதி அதுவே.

2025 ஆகஸ்ட் அந்த வட்டத்தை மீண்டும் அகலப்படுத்தியது. ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டமாக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம். தன் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூரில் தையல் தொழிலாளியும் முதலாளியும் ஒரே எண்ணைப் பேசினர். திலக் நகருக்குத் தென்கிழக்கே, 1960இல் சோவியத் எண்ணெயை உள்ளே விட மறுத்த அதே இரு ஆலைகள், இப்போது இந்துஸ்தான், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் இந்திய அரசின் கையில் இருக்கின்றன. ரஷ்யக் கச்சா எண்ணெயை வாங்கும் நிறுவனங்களில் அவையும் உண்டு. அன்று ஆலைக்காரர் மறுத்தார். இன்று ஆலை நமது, மறுப்பு 2025இல் சுங்கவரியாக வேறு வாசல் வழியே வந்தது.

இவ்வரிக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது 1977ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம். அச்சட்டம் இத்தகைய வரிகளுக்கு இடம் தரவில்லை என்று ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததும் இங்கே செய்தியாயிற்று. ஆயினும் சட்டத்தின் எண்ணோ பிரிவோ பேச்சில் நுழையவில்லை. பி.எல். 480ஐ ‘ஐசனோவர் கோதுமை’ என்றோ, 301ஐ அன்றைய குடியரசுத் தலைவரின் பெயராலோ யாரும் அழைத்ததில்லை. இம்முறை ரயிலிலும் தேநீர்க் கடையிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் வழங்கும் பெயர் ‘டிரம்ப் வரி’.